மண்ணில்லா நடப்பியல்: ஆதவனின் தில்லிப் புனைகதைகள்

ஆதவனைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் ஒரே வாயில் வழியாகவே அவருடைய புனைகதைகளுக்குள் நுழைகின்றன. அவர் உளவியல் எழுத்தாளர். நகர்ப்புற நடுத்தர வர்க்கத்து இளைஞனின் மனச்சிக்கல்களை அலசியவர். மேலைநாட்டு இருத்தலியச் சிந்தனையின் தாக்கம் பெற்றவர். இம்மூன்று கூற்றுகளும் பல்கலைக்கழக ஆய்வேடுகள் தொடங்கி இலக்கிய வரலாற்று நூல்கள் வரை திரும்பத் திரும்ப வருகின்றன. இவற்றில் பிழையில்லை. ஆனால் இவை ஒரு வினாவை எழுப்பாமலே விட்டுவிடுகின்றன. ஆதவனின் கதைமாந்தர் ஏன் இவ்வளவு சிந்திக்கிறார்கள்? ஒரு சொல் பேசுவதற்கு முன் பத்துச் சொற்களை மனத்துக்குள் எடைபோட்டுப் பார்ப்பது ஏன்? அதற்கான விடை அவர்களுடைய மனக்கூறுகளில் இருப்பதைவிட அவர்கள் வாழ்ந்த ஊரின் மொழிநிலையிலேயே மிகுதியும் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. அவ்வாறாயின் ஆதவனை நடப்பியல் எழுத்தாளர் வரிசையில் வைத்தே மதிப்பிட வேண்டும். அவருடைய அகநோக்கு நடப்பியலிலிருந்து விலகியதன் அடையாளமாகாது. அதுவே அவர் கையாண்ட நடப்பியல் முறையாகும்.

நடப்பியலும் மண்ணும்

தமிழ்ப் புனைகதையில் நடப்பியல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மண். புத்தம் வீடு (1964), தலைமுறைகள் (1968), கோபல்ல கிராமம் (1976), பிறகு (1979) ஆகிய நாவல்கள் ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்தை, அதன் பேச்சு வழக்கோடும் தொழிலோடும் சாதி அடுக்கோடும் நம்முன் நிறுத்துகின்றன. இயற்பண்பு வாதத்திற்கும் நடப்பியலுக்கும் உள்ள வேறுபாட்டைக் க. கைலாசபதி முதலிய ஈழத்துத் திறனாய்வாளர்கள் வலியுறுத்திய பின்னரும், தமிழகத்துத் திறனாய்வு நடைமுறையில் ஓர் எளிய அளவுகோல் நிலைத்துவிட்டது. பாத்திரத்தின் பேச்சு அவ்வூர்ப் பேச்சாக இருந்தால் அது நடப்பியல். இல்லையேல் அது கற்பனை, அல்லது உளவியல். இந்த அளவுகோலைக் கொண்டு அளந்தால் தில்லியில் எழுதப்பட்ட தமிழ்ப் புனைகதை முழுவதுமே கணக்கிலிருந்து நழுவிவிடும். தில்லித் தெருவின் பேச்சு தமிழன்று. அலுவலகத்தின் பேச்சும் தமிழன்று. வீட்டின் பேச்சோ பாதியே தமிழ்.

இத்தகைய நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆர்மீனிய இலக்கியம் நெடுங்காலம் தன் நாட்டுக்கு வெளியிலேயே வளர்ந்தது. அம்மொழியின் முதல் இதழாகிய அஸ்தரார், 1794இல் நம் சென்னையில்தான் ஹருத்யூன் ஷ்மவோன்யான் என்னும் பாதிரியாரால் அச்சிடப்பட்டது என்பதைத் தமிழ் வாசகர் பலர் அறியார். பிற்காலத்தில் தோன்றிய ஆர்மீனிய நடப்பியலாரில் முதன்மையான அலெக்சாந்தர் ஷிர்வான்சாதே (1858-1935) ஷமாகி என்னும் ஊரில் பிறந்தவர். இளமையிலேயே பாக்கு நகருக்குச் சென்று எழுத்தராகவும் கணக்கராகவும் வேலை பார்த்தவர். எண்ணெய்க் கிணறுகளால் ஒரே தலைமுறையில் பெருத்துவிட்ட நகரம் பாக்கு. துருக்கிய இன மொழியும் ருஷ்ய மொழியும் ஆர்மீனியமும் அங்கே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அவருடைய ‘குழப்பம்’ (1898) என்னும் நாவலில், எண்ணெய் முதலாளியான மார்க்கோஸ் அலிம்யான் இறக்கும்போது, ருஷ்யப் பெண்ணை மணந்துகொண்ட மூத்த மகன் ஸ்ம்பாத்தை அம்மணத்தைக் கைவிடுமாறு நெருக்குகிறார். ஸ்ம்பாத்தும் அவன் மனைவியும் நிகழ்த்தும் பூசல்கள் உண்மையில் ருஷ்ய மொழியில் நிகழ்ந்திருக்க வேண்டும். நாவலாசிரியரோ அவற்றை ஆர்மீனியத்தில் எழுதுகிறார். நகரத்தின் மொழி ஒன்று, நூலின் மொழி வேறொன்று என்னும் இந்த இடைவெளியைப் பற்றி யாரும் அவரிடம் குறை கண்டதாகத் தெரியவில்லை. அவர் நடப்பியலார் என்பதில் ஐயம் எழவுமில்லை. தமிழில் மட்டும் நாம் ஏன் ஊர்ப்பேச்சைக் கட்டாயச் சான்றிதழாகக் கேட்கிறோம் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

வாழ்க்கை

கே. எஸ். சுந்தரம் என்னும் இயற்பெயர் கொண்ட ஆதவன் 1942இல் திருநெல்வேலி மாவட்டத்துக் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். கல்வி தில்லியில். சில ஆண்டுகள் இரயில்வேயில் பணியாற்றியபின் நேஷனல் புக் டிரஸ்டின் தமிழ்ப் பிரிவில் துணையாசிரியராக அமர்ந்தார். 1965இல் தில்லியிலிருந்து கி. கஸ்தூரிரங்கன் தொடங்கிய கணையாழி அவருக்கும் அவர் தலைமுறையினர்க்கும் களமாயிற்று. காகித மலர்கள் (1977), என் பெயர் ராமசேஷன் (1980) ஆகிய இரு நாவல்கள், குறுநாவல்கள், சிறுகதைத் தொகுதிகள், பாரதியை மையமாகக் கொண்ட புழுதியில் வீணை என்னும் நாடகம் ஆகியவை அவர் விட்டுச்சென்றவை. பணி காரணமாகப் பெங்களூருக்கு மாறிய அவர் 1987 ஜூலை 19ஆம் நாள் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தார். அப்போது வயது நாற்பத்தைந்து. முதலில் இரவு வரும் என்னும் சிறுகதைத் தொகுதிக்கு அவ்வாண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசு, அவர் மறைந்தபின் வழங்கப்பட்டது.

இவ்வாழ்க்கைக் குறிப்பில் நம் நோக்கத்திற்குத் தேவையான செய்தி ஒன்றுண்டு. ஆதவன் தில்லிக்கு வளர்ந்தபின் வந்து சேர்ந்தவரல்லர். அங்கேயே படித்து உருவானவர். தி. ஜானகிராமன் 1968இல் தில்லி வானொலிக்கு வந்தபோது காவிரிக் கரையை நெஞ்சில் சுமந்து வந்தார். தில்லியில் அமர்ந்தும் பெரும்பாலும் அக்கரையையே எழுதினார். ஆதவனுக்கு அவ்வாறு திரும்பிப் போக ஓர் ஊர் இல்லை. கல்லிடைக்குறிச்சி அவர் பிறந்த ஊர் மட்டுமே. அதை அவருடைய எழுத்தின் ஊர் எனக் கொள்ள இயலாது.

லோதி ரோட்டு உலகம்

ஆதவன் எழுதிய மனிதர்களின் புறவுலகை அறிய விரும்புவோர்க்கு லோதி ரோடு ஒரு நல்ல வரைபடம். மேற்கே சப்தர்ஜங் கல்லறைக்கு அருகில் தொடங்கிக் கிழக்கே நிஜாமுதீனை நோக்கிச் செல்லும் இச்சாலையின் வடபுறம் லோதி அரசர்களின் கல்லறைகள் அமைந்த பூங்கா, 1962இல் திறக்கப்பட்ட இந்தியா இன்டர்நேஷனல் சென்டர், உயர் அலுவலர் வாழும் லோதி எஸ்டேட். தென்புறம் வானிலைத் துறையின் மௌசம் பவன், மத்திய அரசு அலுவலக வளாகம், அவற்றை அடுத்து லோதி காலனி. ஆங்கிலேயர் தம் ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1940களில், அரசு ஊழியர்க்கென எழுப்பிய குடியிருப்பு அது. வளைவு வாயில்களும் உயர்ந்த கூரைகளும் முற்றங்களும் கொண்ட அதன் கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. அண்மைக் காலத்தில் அவற்றின் சுவர்களில் ஓவியர்கள் பெரும்பெரும் படங்களைத் தீட்டியிருப்பதால் அவை சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடமாகவும் மாறியுள்ளன.

இங்கே வீடு என்பது ஊதியத்தின் மறுபெயர். எந்த வகை வீட்டில் குடியிருக்கிறார் என்பதைக் கொண்டே ஒருவருடைய பதவியைச் சொல்லிவிடலாம். பதவி உயர்ந்தால் வீடு மாறும். ஓய்வு பெற்றால் வீடு போய்விடும். பரம்பரை, நிலம், குலதெய்வம் ஆகியவற்றால் அறியப்பட்ட மனிதன் இங்கே வகை எண்ணால் அறியப்படுகிறான். தமிழ்க் கிராமத்து நடப்பியலில் நிலம் வகிக்கும் இடத்தைத் தில்லித் தமிழனின் வாழ்வில் இந்த ஒதுக்கீட்டு முறை வகித்தது எனலாம். லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று உள்ளது. பிள்ளைகள் அங்கே தமிழை ஒரு பாடமாகப் படித்தார்கள். பாடம் முடிந்து வெளியே வந்தால் பேருந்து நடத்துநரிடம் இந்தி, நேர்முகத் தேர்வில் ஆங்கிலம். வீட்டில் பாட்டியிடம் பேசும் தமிழுக்கும் பாடப்புத்தகத் தமிழுக்கும் தொடர்பேயில்லை. இச்சூழலில் வளரும் ஒருவனுக்கு, ஒவ்வோர் இடத்திலும் எந்த மொழியில் எந்தத் தன்னை வெளிக்காட்டுவது என்னும் தேர்வு நாள்தோறும் நிகழ்கிறது. ஆதவனின் திறனாய்வாளர் ‘வேடம்’, ‘முகமூடி’ என்று குறிப்பிடும் பண்பின் வேர் இதுதான். அதனைச் சார்த்தரிடம் தேடிச் செல்ல வேண்டியதில்லை.

இந்திரா பார்த்தசாரதியின் தில்லி நாவல்களோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். தந்திர பூமியின் மாந்தர் பேச்சில் வல்லவர். எள்ளலும் எதிர்வாதமும் அவர்களுடைய படைக்கலங்கள். அதிகாரத்தின் அரங்கில் நின்று அவர்கள் உரக்கப் பேசுகிறார்கள். ஆதவனின் மாந்தர் அந்த அரங்கிற்குள் நுழையும் முன் ஒப்பனையறையில் நிற்பவர்கள். எதைச் சொல்வது, எப்படிச் சொன்னால் எப்படித் தோன்றும் என்னும் ஒத்திகையே அவர்களுடைய வாழ்வின் பெரும்பகுதி.

இரண்டு நாற்காலிகள்

‘ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்’ என்னும் சிறுகதை இக்கருத்தை விளக்குவதற்கு மிகவும் ஏற்றது. தமிழில் அலுவலக வாழ்வைக் குறித்து எழுதப்பட்டவற்றுள் இதற்கு இணையானவை மிகச் சிலவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. கதை நிகழ்ச்சி மிக எளியது. கைலாசம், அகர்வால் என்னும் இரு அலுவலர்கள் ஒரே அறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கைலாசம் தமிழில் எழுதுபவர். அகர்வால் வடநாட்டவர், நட்பை விரும்புபவர், தீங்கு நினைக்காதவர். இருவருக்கும் இடையே பகையில்லை. இருந்தும் அந்த நட்பு கைலாசத்தை மூச்சுத் திணறச் செய்கிறது.

ஏன் திணற வேண்டும்? அகர்வால் கெட்டவராக இருந்தால் கதை இல்லை. அது வெறும் அலுவலகப் பூசலாகிவிடும். கைலாசம் ஆணவக்காரர் என்று முடிவு கட்டினாலும் கதை இல்லை. ஆசிரியர் இவ்விரு எளிய வழிகளையும் அடைத்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றை நம்மைக் காணச் செய்கிறார். இருவர்க்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு. ஆனால் அது இருவர்க்குமே சொந்தமானதன்று. கைலாசம் தன் வாழ்வின் முதன்மையான பகுதியை, தான் எழுதும் எழுத்தை, அம்மொழியில் எடுத்துச் சொல்ல நேரும்போதெல்லாம் அது வேறொன்றாகிவிடுகிறது. சொல்லாமல் இருந்தால் நட்பு பொய்யாகிறது. சொன்னால் எழுத்து பொய்யாகிறது. ஒவ்வொரு நாளும் எட்டு மணி நேரம் எதிரெதிர் நாற்காலியில் அமர்ந்து இந்தப் பொய்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேசிய ஒருமைப்பாடு என்பது அரசு விளம்பரங்களில் முழக்கமாக இருந்த காலத்தில், அம்முழக்கம் ஓர் அறைக்குள், இரண்டு நல்ல மனிதர்களிடையே, என்ன விலை கேட்டது என்பதை இக்கதை கணக்கிட்டுக் காட்டுகிறது. கைலாசத்தின் தயக்கத்தையும் குற்றவுணர்வையும் தனிமனித மனநோயாகப் படிப்பது கதையின் பாதியை இழப்பதாகும்.

இனி உத்தியைக் கவனிப்போம். அகர்வாலும் கைலாசமும் பேசுவதைத் தமிழிலேயே ஆசிரியர் தருகிறார். அவ்வுரையாடல் வாக்கியங்கள் சற்று விறைப்பானவை. ஆங்கிலத்தில் சிந்தித்துத் தமிழில் எழுதியவை போலத் தோன்றுபவை. கைலாசத்தின் நினைவோட்டம் எழுதப்படும்போதோ வாக்கியங்கள் நெகிழ்கின்றன, துணைவினைகள் பெருகுகின்றன, தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் தொனி வருகிறது. ஆதவனின் நடை ஆங்கிலச் சாயல் கொண்டது என்று குறை கூறுவோர் இவ்விரண்டையும் பிரித்தறிவதில்லை. விறைப்பு வருமிடம் வேறு, நெகிழ்வு வருமிடம் வேறு. வட்டார நாவலாசிரியர் பேச்சு வழக்கைக் கொண்டு செய்யும் வேலையை, ஆதவன் இந்த நடை வேறுபாட்டைக் கொண்டு செய்கிறார். அகமொழி தமிழ், புறமொழி பிறிது என்னும் நிலையில் உள்ள மனிதனை உள்ளபடி எழுதினால், நனவோடை மிகுவதும் உரையாடல் சுருங்குவதும் இயல்பேயாகும். மனத்துக்குள் மட்டுமே அவன் தமிழன்.

‘ஞாயிற்றுக்கிழமைகளும் பெரிய நகரமும் அறையில் ஓர் இளைஞனும்’ என்னும் கதை இதன் மறுபக்கம். இங்கே எதிர் நாற்காலி காலியாக இருக்கிறது. அலுவலகம் தந்த வேடமும் அன்று விடுமுறையில் போய்விட்டது. பேச ஆளில்லாத நாளில் அந்த இளைஞன் யார் என்பதே ஐயமாகிறது. தலைப்பின் நீளமே நகரத்தின் பெருமையையும் அறையின் சிறுமையையும் அளந்துவிடுவதால், கதை அதற்குமேல் அதிகம் விளக்குவதில்லை.

வீடு என்னும் அலுவலகம்

நாவல்களில் இதே நிலை குடும்பத்திற்குள் நுழைகிறது. காகித மலர்களில் வரும் பசுபதி தில்லியின் உயர் அலுவலர், மூன்று மகன்கள், மூத்தவன் விசுவம் அமெரிக்கா சென்றவன். தந்தை, தாய், மக்கள் ஒவ்வொருவரும் மற்றவர் முன் ஒரு பங்கை ஏற்று நடிக்கிறார்கள் என்பது நாவலைப் பற்றி வழக்கமாகக் கூறப்படுவது. நாவல் பாத்திரங்களின் பொய்மையைக் கண்டிக்கிறது என்று இதிலிருந்து முடிவு செய்வது பொருந்தாது. நடிக்காமல் வாழ ஏற்ற இடம் எதையும் இந்நாவல் காட்டுவதில்லை. கிராமத்துக்குத் திரும்பினால் உண்மை கிடைக்கும் என்னும் ஆறுதலை, அக்காலத் தமிழ்ப் புனைகதை எளிதாக வழங்கிய ஆறுதலை, ஆதவன் வழங்க மறுக்கிறார். நாவலின் கண்டிப்பான நேர்மை இதில் உள்ளது. அதே வேளையில், ஒவ்வொரு பாத்திரமும் ஏறத்தாழ ஒரே நுட்பத்தோடு தன்னை ஆராய்ந்துகொள்வதால், படிக்கப் படிக்க அவர்களுடைய குரல்கள் ஒன்றாகி விடுகின்றன என்னும் குறையையும் மறைப்பதற்கில்லை.

என் பெயர் ராமசேஷன் தன்மைக் கூற்றில் அமைந்தது. தாய்க்கும் பாட்டிக்கும் இடையே தந்தை படும் பாட்டைக் கண்டு வளர்ந்த மாணவன், உறவு என்பதே செல்வாக்குப் போட்டிதான் என்னும் பாடத்தை வீட்டிலேயே கற்றுவிடுகிறான்; பின்னர் நண்பர்களிடமும் பெண்களிடமும் அதைச் சோதித்துப் பார்க்கிறான். ஒரே குரல் என்பதால் முந்தைய நாவலின் குறை இங்கே நிறையாகிறது. வேகமும் நகைச்சுவையும் மிக்க இந்நாவலே ஆதவனின் முழுமையான வெற்றி எனக் கருத இடமுண்டு.

பெண் பாத்திரங்களில் நீலாவைத் தனித்துச் சுட்ட வேண்டும். ‘சிவப்பாக, உயரமாக, மீசை வச்சுக்காமல்’ என்னும் கதையில் வேலைக்குச் செல்லும் இப்பெண் தன் மனத்துக்குள் ஓர் ஆணின் உருவத்தை வைத்திருக்கிறாள். பெண் பார்க்கும் சடங்கில் ஆண்கள் போடும் பட்டியலை அப்படியே திருப்பிப் போட்டதுபோன்ற தலைப்பு. ஆசிரியர் அவளைப் பார்த்துச் சிரிப்பதில்லை. அவளுடைய கனவின் சிறுமையையும் அக்கனவுக்கு அவளுக்குள்ள உரிமையையும் ஒருசேர ஏற்கிறார். ‘நிழல்கள்’ கதையில் விடுதி வாயிலில் விடைபெற நிற்கும் இருவரிடையே நிகழும் பேச்சிலும் இந்தச் சமநிலை உண்டு. ஆணின் வேட்கையும் பெண்ணின் மறுப்பும் ஒன்றையொன்று வெல்வதில்லை. ஆதவனைப் ‘பாலுணர்வு எழுத்தாளர்’ என்று ஒதுக்குவோர் இவ்விரு கதைகளையும் மறுமுறை படித்தல் நன்று.

எல்லைகள்

ஷிர்வான்சாதேயோடு ஒப்பிடும்போது ஆதவனின் எல்லை புலனாகிறது. பாக்குவின் கணக்கர் தம் மேசைக்கு அப்பால் பார்த்தார். 1883இல் வெளிவந்த அவருடைய முதல் எழுத்தே எண்ணெய் ஆலையில் பற்றிய தீயைப் பற்றியது. முதலாளியின் மாளிகையும் தொழிலாளியின் குடிசையும் அவர் எழுத்தில் ஒரே புகைக்கு அடியில் நிற்கின்றன. ஆதவனின் தில்லியில் அலுவலகக் கடைநிலை ஊழியரும் துணி வெளுப்பவரும் பாத்திரம் துலக்கும் பெண்ணும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அகவுலகம் தரப்படவில்லை. வகை எண் உள்ள வீட்டில் குடியிருப்போர்க்கு மட்டுமே அவருடைய கதைகளில் சிந்திக்கும் உரிமை உண்டு என்று கடுமையாகக் கூறினாலும் தவறாகாது. இதற்கும் அதே மொழிநிலையே ஒரு காரணம். யாருடைய அகமொழியைத் தாம் அறிந்திருந்தாரோ அவர்களை மட்டுமே அவர் எழுதினார். இந்தியில் கனவு காண்பவனின் மனத்துக்குள் தமிழில் நுழைவதற்கான வழியை அவர் தேடவில்லை. அகர்வாலைக்கூட நாம் கைலாசத்தின் கண்கொண்டே காண்கிறோம். அவருடைய நாற்காலியில் அமர்ந்து அக்கதையை ஒருமுறை எழுதியிருந்தால் என்னும் எண்ணம் தவிர்க்க இயலாதது.

அத்தகைய முயற்சிக்கு அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. அவர் எழுதிய தில்லியும் மாறிவருகிறது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை மறுவளர்ச்சி செய்வதற்கு 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபின், பழைய வரிசை வீடுகள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் எழுந்தன. அரசுப் பணிக்காகத் தமிழர் கூட்டமாக வந்து குடியேறிய காலமும் கடந்துவிட்டது. கைலாசம் போன்ற ஒருவரின் பேரப்பிள்ளைகளுள் பலர்க்கு இக்கதைகளைத் தமிழில் படிக்க இயலாது. மொழிபெயர்ப்பில்தான் படிக்க வேண்டும்.

அங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. என் பெயர் ராமசேஷன் நாவலை விதாலி பூர்னிகா ருஷ்ய மொழியில் பெயர்த்தார். ருஷ்ய வாசகர்க்குத் தமிழும் ஆங்கிலமும் இந்தியும் ஒரே தொலைவில் உள்ள அயல்மொழிகள். ஆகவே அங்கு இழப்பு சமமாகப் பரவிவிடும். ‘ஒரு அறையில் இரண்டு நாற்காலிகள்’ ஆங்கிலத்துக்குச் செல்லும்போது நிகழ்வது வேறு. கைலாசமும் அகர்வாலும் பேசியது ஆங்கிலத்தில் என்றால், உரையாடல் தன் சொந்த மொழிக்கே திரும்பி இயல்பாகிவிடும். அவர் நினைத்தது மட்டும் மொழிபெயர்ப்பாகிவிடும். தமிழ் மூலத்தில் எது விறைப்பாக இருந்ததோ அது நெகிழும். எது நெகிழ்வாக இருந்ததோ அது விறைக்கும். கதையின் நடப்பியல் முழுவதும் தலைகீழாகும் இந்நிலையை மொழிபெயர்ப்பாளர் எவ்வாறு எதிர்கொள்வது என்பதைத் தனியே ஆராய வேண்டும்.